டோராயின் நக அரம்

துல்ஹோ சந்துகளில் டோராயைத் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பத்தொரு வயது, குட்டையான உடம்பு, கையில் எப்போதும் ஒரு பச்சை பிளாஸ்டிக் கூடை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு நகம் வெட்டி வர்ணம் பூசுவது அவள் தொழில். எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வது அவள் வியாதி. வாசலில் படுத்திருக்கும் நாய் குரைக்காமல் விட்டால் நாய்க்கு ஒரு நன்றி. குழாயில் தண்ணீர் வந்தால் குழாய்க்கு ஒரு நன்றி. பிலிப்பைன்ஸின் செபு நகரத்து வெயிலில் நடந்து வருகிறவளுக்கு எங்காவது ஒரு மரம் நிழல் கொடுத்துவிட்டால் போதும், மரத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள்.

"மனாங் டோராய், மழை நின்னுருச்சே, இன்னும் நன்றி சொல்லலியா?" என்று சந்து முனைப் பெட்டிக்கடைக்காரி சீண்டுவாள். அந்த ஊரில் மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன்.

"சொல்லியாச்சு. நீ குறட்டை விட்டுட்டு இருந்தே, உனக்குக் கேக்கல."

இப்படி நாள் முழுக்க நன்றி சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் டோராயின் நன்றிக்கு அடியில் இருந்தது பயம். கிடைத்ததற்கு நன்றி சொல்லாவிட்டால் கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொள்வான் என்று அவள் நம்பினாள். அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. திபோ, அவள் புருஷன்.

திபோ முப்பது வருஷமாக ஜீப்னி என்கிற அந்த ஊர் மினி பஸ் ஓட்டுகிறவன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சிகரெட்டில். காசு வாங்குவதும் மீதி கொடுப்பதும் எந்தக் கையால் என்று பயணிகளுக்கே புரியாது. ஒரு பிப்ரவரி மாதம், கோலோன் தெரு நெரிசலில், அவனுக்கு மூச்சு வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் பெண் அவனை இறக்கி, முதுகைத் தடவி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவள் பெயர் கேட்க மறந்துவிட்டோமே என்று டோராய் இன்றைக்கும் புலம்புகிறாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மனோங், இது நுரையீரல் இல்ல, உங்க ஜீப்னியோட சைலன்சர். இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஊதினீங்கன்னா வண்டிய வேற யாராவதுதான் ஓட்டணும்."

திபோ ஐந்து முறை சிகரெட்டை விட்டான். ஐந்து முறையும் பெட்டிக்கடைக்காரியிடம் போய்ச் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்கினான். முழுப் பெட்டி வாங்கினால்தான் பிடிப்பதாகக் கணக்கு, ஒற்றைச் சிகரெட் கணக்கில் வராது என்பது அந்த ஊர் ஆண்களின் தர்க்கம். டோராய் கடைக்காரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "நான் கொடுக்கலன்னா அடுத்த கடையில வாங்குவாரு. என் கடைன்னா உனக்குச் சேதியாவது வரும்" என்றாள் அவள். அதற்கும் டோராய் நன்றி சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ் அபெல்யானா ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். கால்சென்டரில் பெரிய வேலை பார்க்கிறவள், டோராயிடம் வாரா வாரம் நகம் வெட்டிக்கொள்கிறவள். "எனக்கு இது ஒத்துக்கல மனாங். பேட்டரி சிகரெட். நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல. உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துப் பாருங்க" என்றாள். பேனா மாதிரி ஒரு பேட்டரி, அதன் வாயில் திருகிக்கொள்ளும் ஒரு குழல். பொத்தான் கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் காற்று போவது உள்ளே இருக்கும் பொட்டு மாதிரியான ஒரு கருவிக்குத் தெரிந்துவிடும், வால் நுனியில் நீல விளக்கு எரியும், ஆவி வரும்.

டாக்டரிடம் கேட்டார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் நல்லதுன்னு சொல்லமாட்டேன். முதல்ல நெருப்பு போகட்டும். அப்புறம் இதையும் விட்டாகணும்."

திபோ இழுத்தான். விளக்கு எரியவில்லை. மறுபடி இழுத்தான், கண் பிதுங்க இழுத்தான், இருமி இருமிக் கட்டிலில் சாய்ந்தான். மிஸ் அபெல்யானாவின் இளம் மூச்சுக்கு எரிந்த விளக்கு இவன் மூச்சைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இழுக்க மூச்சு இருந்தா நான் ஏன்டி இதுகிட்ட வரேன்?" என்றான். நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் அவன் காதுக்குப் பின்னால் ஒற்றைச் சிகரெட் ஒன்று செருகியிருந்தது.

டோராய் சண்டை போடவில்லை. பேட்டரியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டி, வால் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீல மூடியின் ஓரத்தில் முடி அகலத்துக்கு ஒரு கீறல். காற்று உள்ளே போக அவ்வளவுதான் வழி, அதிலும் பாதி பிசின் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. அவளுக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் கால் கட்டைவிரல் ஓரத்தில் சதைக்குள் போய் மாட்டிக்கொண்ட நகத்தை முப்பது வருஷமாக எடுக்கிறவள். அடைந்துகிடக்கும் மூலை எதுவாக இருந்தாலும் அவள் கைக்கு அது தெரிந்த இடம்தான்.

நகத்தோல் தள்ளும் கரண்டியால் மூடியை மெல்ல நெம்பினாள். பூ மாதிரி வந்தது. கார்பன் சந்தையில் வாங்கிய மெல்லிய நக அரத்தால் கீறலை நாலு இழுப்பு ராவினாள். உள்ளே எதையும் தொடவில்லை. பேட்டரியின் வயிறு குழந்தையின் வயிறு மாதிரி, அதில் கத்தி படக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகத் தோன்றியது. ராவும்போது பேட்டரியின் திறந்த பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டாள், தூள் உள்ளே விழாமல் மடியில் விழுந்தது. பழைய பல்துலக்கியால் துடைத்து, மூடியை அழுத்தி வைத்தாள்.

"இந்தா. இழுக்காதே. சும்மா மூச்சு எடுக்குற மாதிரி எடு."

திபோ நம்பாமல் வாயில் வைத்தான். நீல விளக்கு எரிந்தது.

அன்றைக்கு அவள் நக அரத்தை முத்தமிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்த பெட்டிக்கடைக்காரி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

சேதி ஜீப்னி நிறுத்தத்துக்குப் போனது. அங்கே திபோவைப் போல ஏழு பேர், எல்லாருக்கும் அறுபதை ஒட்டிய வயது, எல்லாருக்கும் ஓட்டை நெஞ்சு. ஒருவனுக்கு மகள் துபாயிலிருந்து அனுப்பியது, ஒருவன் சந்தையில் வாங்கியது. இழுத்தால் எரியாத பேட்டரி சிகரெட்டைச் சட்டைப்பையில் அழகுக்கு வைத்துக்கொண்டு, கையில் உண்மைச் சிகரெட்டைப் பிடித்திருந்தவர்கள். ஒவ்வொருவராக டோராயின் ஜன்னலுக்கு வந்தார்கள். காசு வேண்டாம் என்றாள். கருவாடு வந்தது, முருங்கைக்கீரை வந்தது, ஓலையில் கட்டி வேகவைத்த சோறு வந்தது. அவள் வாங்கிக்கொண்டு அவர்களுக்கே நன்றி சொன்னாள்.

அந்த ஏழு பேரில் குலாஸ் மட்டும் வரிசைக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் வீட்டிலேயே இடுக்கியை எடுத்தார். இடுக்கி பேட்டரியின் வயிற்றைக் கடித்துவிட்டது. அது சீறிக்கொண்டு சூடானது, மணல் வாளிக்குள் எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். வேறொன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றவரை டோராய் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மனோங், உங்க பொண்டாட்டிக்கு நன்றி சொல்லுங்க."

"அவ என்ன பண்ணினா?"

"இத்தனை வருஷம் உங்க கையில கத்திரிக்கோல் குடுக்காம வச்சிருக்காளே."

முதலில் எல்லாருக்கும் ஒரே அளவாக ராவினாள். அது தப்பு. அவர்களில் கொஞ்சம் நல்ல மூச்சுள்ள ஒருவனுக்கு அதிகம் திறந்துவிட, எதிர்க்காற்றில் நடந்தாலே அவன் பையில் விளக்கு எரிந்தது. மூச்சை அளந்து ராவ வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. பசிலிகா கோயில் வாசலில் வாங்கிய வேண்டுதல் மெழுகுவத்தியின் மிச்சத் துண்டுகள் வீட்டில் கிடந்தன. சாப்பாட்டு மேசையில் சிவப்பு நக வர்ணத்தால் சாண் சாணாகக் கோடு போட்டாள். கடைசிக் கோடு ஒரு கை நீளத்தில். ஓரத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, வந்தவரைக் கோட்டுக்கு நேராக உட்கார வைத்து ஊதச் சொல்வாள். கை நீளத்திலிருந்து அணைத்தால் ஒரு இழுப்பு. இரண்டு சாணில் அணைத்தால் இரண்டு இழுப்பு. ஒரு சாணிலும் சுடர் அசையவில்லை என்றால் நாலு இழுப்பு. நாலு இழுப்புக்காரன் திபோ ஒருவன்தான்.

மற்றவர்களுக்கு ஒரு தடவை சோதனை. திபோவுக்கு ஒவ்வொரு ஞாயிறும். பூசை முடிந்து வந்ததும், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், மெழுகுவத்தி. சிகரெட்டைத் தொடாத முதல் மாதம் சுடர் ஆடியது. ஜூனில் ஒரு சாணில் அணைந்தது. அன்று டோராய் மேசையைத் துடைக்கிற சாக்கில் அழுதாள். டிசம்பரில் இரண்டரைச் சாண். கை நீளம் மட்டும் வசப்படவில்லை. ஊதுவான், சுடர் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நிமிர்ந்துகொள்ளும்.

"கேலி பண்ணுது பாரு, உன்னை மாதிரியே" என்பான்.

"எரியுற வரைக்கும் எரியட்டும். அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம், ஊது."

இதற்கு நடுவே ஒரு எச்சரிக்கை வந்தது. திபோவின் ஜீப்னியில் இருக்கைக்கு அடியில் ஒலிபெருக்கி. பாட்டின் அடி விழும்போதெல்லாம் முன்னால் வைத்திருந்த பேட்டரி தானாக நீலக் கண் சிமிட்டியது. பயணிகள் சிரித்தார்கள், திபோ சிரித்தான், டோராயிடம் சொல்லியும் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு நகம் வெட்டப் போய்விட்டாள். செபுவில் பிறந்து வளர்ந்து, ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை மறந்துபோய் ஒரு வேலை செய்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு குழந்தை இயேசு நீன்யோவின் திருவிழா. ஊரே தெருவில் ஆடும் நாள். திபோ பிழைத்துக் கிடந்தபோது டோராய் நேர்ந்துகொண்டது அதற்குத்தான்: அடுத்த திருவிழாவில் சிகரெட் இல்லாத வாயோடு இவனை உன் முன்னால் நிறுத்துகிறேன் என்று. எட்டு டிரைவர்களும் சேர்ந்து வந்தார்கள். விடியும்போதே பசிலிகாவுக்குப் பக்கத்துத் தெரு முனையில் இடம் பிடித்தார்கள். சிவப்பு மஞ்சள் சட்டை, சட்டைப்பையில் ஆளுக்கொரு பேட்டரி சிகரெட்.

முதல் ஆட்டக் கூட்டம் வந்தது. நூறு முரசு. அடி காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்செலும்பில் விழுந்தது. "பிட் சென்யோர்" என்று நீன்யோவைக் கூவி அழைத்து எட்டுப் பேரும் கையைத் தூக்கினார்கள். எட்டுச் சட்டைப்பைகளும் ஒன்றாக நீலமாக எரிந்தன.

அடிக்கு அடி எரிந்தன. திறந்து விட்ட கீறல்கள் வழியாக முரசுச் சத்தம் நேராக உள்ளே போய், யாரோ இழுப்பதாக அந்தப் பொட்டுகளை நம்ப வைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். குலாஸ் தன் மார்பைப் பார்த்தார். "டோராய், என் பையில பூசை நடக்குதும்மா" என்றார். திபோவின் பையிலிருந்து கருகிய மிட்டாய் வாசனையோடு புகை கிளம்பியது. அவன் வெளியே எடுப்பதற்குள் புதுச் சட்டையில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் சிரித்தார்கள். பத்து மணிக்கு எட்டுப் பேட்டரிகளும் செத்திருந்தன.

சிரிப்பு நின்றது. சுற்றிலும் தெருக்கள் அடைப்பு, ஜனக்கடல், சாயங்காலம் வரை வீட்டுக்குப் போக வழியில்லை. கூட்டத்துக்குள் சிகரெட் விற்பவர்கள் மரப்பெட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். டக் டக். நூறு முரசுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் வேண்டியவர்களுக்குக் கேட்டது. எட்டுப் பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதை டோராய் பார்த்தாள்.

"தாகமா இருக்கு. தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றான் திபோ.

"நானும் வரேன்."

"தண்ணி வாங்க எதுக்கு ரெண்டு பேரு? நில்லு."

அவன் போனான். ஒரு கூட்டம் ஆடிப் போனது, இரண்டாவது ஆடிப் போனது, மூன்றாவது வந்தது. திபோ வரவில்லை. தண்ணீர் விற்பவன் பத்தடி தூரத்தில்தான் நின்றான்.

சிகரெட் இல்லாமல் ஒன்பது மாதம். என் கையால் திறந்து விட்டேன், என் கையாலேயே கெடுத்தேன் என்று டோராய் நினைத்தாள். நாலு இழுப்பு என்று இழுத்த அரத்தைக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, இடித்து, திட்டு வாங்கி, கோயில் சுவர் வரைக்கும் போனாள். காலையிலிருந்து யாருக்கும் ஒரு நன்றி சொல்லவில்லை என்பது நடுவழியில் நினைவுக்கு வந்தது. பயம் இன்னும் கூடியது.

சுவர் ஓரத்தில் மெழுகுவத்திக்காரிகள் வரிசையாக நின்றார்கள். காசு கொடுத்துப் பெயரைச் சொன்னால், மெழுகுவத்தியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஆடி, நமக்காக வேண்டுகிற பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு எதிரே திபோ நின்றிருந்தான். வலது கை விரல்களுக்கிடையில் ஒரு சிகரெட். ஒற்றைச் சிகரெட்.

டோராய் கூட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் நெருப்பு குடு தாயி, பத்த வச்சுக்கிறேன்" என்றான் திபோ.

"நல்லா இருக்குய்யா. இது வேண்டுதல் மெழுகுவத்தி, உன் சிகரெட்டுக்கா ஏத்தி வச்சிருக்கேன்?" மெழுகுவத்திக்காரி சுடரை அவனிடமிருந்து வெடுக்கென்று விலக்கிக் கையை முழுசாக நீட்டிப் பிடித்தாள்.

திபோ அந்தச் சுடரைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த நேரம். கை நீளத்தில் ஒரு சிவப்பு மெழுகுவத்தி. இத்தனை மாதப் பழக்கம் அவனைக் கேட்காமலே அவன் கன்னத்தை உப்ப வைத்தது.

ஊதினான். அணைந்தது.

மெழுகுவத்திக்காரி பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா, யாரோ பெத்தவ வேண்டிக்கிட்டதை ஊதி அணைச்சிட்டியே, உனக்கு விவஸ்தை இருக்கா?"

திபோ காதில் எதுவும் விழவில்லை. அணைந்த திரியையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்துக்குள் டோராய் நிற்பதை அப்போதுதான் கண்டான்.

"நான் ஊதல டோராய்," என்றான், திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி. "மெழுகுவத்தியப் பாத்தா என் வாய்க்கு வேற ஒண்ணும் தெரியல. நீ பழக்கிவிட்ட புத்தி." பிறகு மெதுவாக, "அணைஞ்சிருச்சு, பாத்தியா?"

"பாத்தேன்."

"தண்ணி வாங்க மறந்துட்டேன்."

டோராய் முதலில் மெழுகுவத்திக்காரியிடம் போனாள். "தாயி, கைய மறுபடி அப்படியே நீட்டு" என்றாள். அவள் முறைத்துக்கொண்டே நீட்டினாள். டோராய் திரியிலிருந்து திபோவின் மூக்கு வரை சாண் வைத்து அளந்தாள். மேசையின் கடைசிக் கோட்டைத் தாண்டி நாலு விரல் மிச்சம் இருந்தது. அவன் விரலிடுக்கில் இருந்த சிகரெட்டை எடுத்தாள், அவன் கொடுத்தான், அவ்வளவுதான். மெழுகுவத்திக்காரிக்குப் புது மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்து, முன்பு வேண்டியவருக்காகவும் சேர்த்து ஆடச் சொன்னாள். அணைந்த மெழுகுவத்தியைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவள் அங்கே நன்றி சொல்ல முடியாமல் முந்நூறு பேருக்கு நடுவில் ஓவென்று அழுதாள். திபோ அவளைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்ல, சந்தோஷம், வேற ஒண்ணுமில்ல" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஏழு டிரைவர்களும் ஜன்னலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் ஒற்றைச் சிகரெட் பிடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். டோராய் திட்டவில்லை. எல்லாருடைய பேட்டரியிலும், திறந்து விட்ட கீறலைச் சிவப்பு நக வர்ணத்தால் பாதி அடைத்தாள். முரசுக்கு எரியாது, மூச்சுக்கு எரியும். முதலிலேயே இது ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் திபோ தன்னுடையதை நீட்டினான்.

"உனக்கும் பாதியா?"

"முழுசா அடைச்சிரு" என்றான்.

அவள் ஒன்றுக்கு இரண்டு பூச்சாகப் பூசி, காயும் வரை ஊதினாள். அந்தப் பேட்டரியும் அணைந்த மெழுகுவத்தியும் இன்றைக்கும் அவள் பச்சைக் கூடையின் அடியில், நக அரத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. நகம் வெட்டிக்கொள்ளும் பெண்கள் பார்த்துவிட்டு, கரண்ட் போனால் ஏற்றுவதற்கா என்று மெழுகுவத்தியைக் காட்டிக் கேட்பார்கள்.

"இது ஏத்துறதுக்கு இல்ல" என்பாள் டோராய். "எங்க வீட்டுக்காரர் அணைச்சது."